மருதாணி விரலில் மாட்டிய கிளிப்

சுகிர்தாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். அப்பா பாக்கியராஜ், "டாக்டருக்கு அடுத்த எடம் எம்பொண்ணுதான்" என்பார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலையில், உலைச் சூட்டிலேயே காலத்தைத் தள்ளியவர். மகள் பேச்சு வந்தால் மட்டும் வாய்க்குக் கொஞ்சம் தாராளம் வந்துவிடும். அம்மா ஞானம்மாவோ, "அது மிஷின் பாக்குற வேலதான்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவாள். அப்பா சொல்வதைவிட அம்மா சொல்வது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அவள் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டருக்குக் கைத்துணையாக நிற்கும் டெக்னீஷியன். மயக்கத்தில் கிடக்கிறவர் வலிக்கிறது என்றோ மூச்சு முட்டுகிறது என்றோ வாயைத் திறந்து சொல்ல முடியாது. அவருக்காக மானிட்டர் சொல்லும். விரலில் ஒரு கிளிப், மார்பில் மூன்று ஒட்டுப்பட்டை, கையில் பிரஷர் பட்டை. இவை சொல்வதையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது சுகிர்தாவின் வேலை. கத்தி பிடிப்பவரைப் பற்றி ஊரே பேசும். இந்த மாதிரி ஒருத்தி தலைமாட்டில் நின்றாள் என்பது நோயாளிக்கே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் நல்லது. தெரிய வந்தால் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம்.

பிளஸ் டூ முடித்ததும் அவளுடைய சிநேகிதிகள் எல்லாரும் சிப்காட் கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். இவளும் ஏறினாள். பாட்டில் மூடிகளை எண்ணிப் பையில் போடுகிற வேலை. ஒருநாள் லைனில் நின்ற பெண் ஒருத்தி வெப்பம் தாங்காமல் சரிந்து விழுந்தாள். தண்ணீர் தெளிக்க நாலு பேர், கையில் சாவிக்கொத்தைத் திணிக்க நாலு பேர் என்று ஓடினார்கள். சுகிர்தா மட்டும் அவள் மூக்கருகே புறங்கையை வைத்து, கண்ணை நெஞ்சின்மேல் வைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "மூச்சு வருது, வருது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "நீ ஆஸ்பத்திரிக்குப் போவேண்டியவ, தப்பி இங்க வந்துட்ட" என்றார். அவர் சொன்னது கிண்டலுக்கு. இவள் அதை மெய்யென்று எடுத்துக்கொண்டு, மறுவருஷமே டிப்ளமோவில் சேர்ந்துவிட்டாள்.

இப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. பொன்னேரிப் பக்கம் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. மின்சார ரயிலில் போய் வருகிறாள். ரயிலில் எந்தத் தாயின் மடியிலாவது குழந்தை தூங்கினால் இவள் பார்வை அதன் நெஞ்சுக்குப் போய்விடும். ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வருவாள். தாய்க்காரிகள் ஒரு மாதிரியாக முறைத்து, முந்தானையை இழுத்துக் குழந்தையை மூடுவார்கள். கண்ணு வைக்கிறாள் என்று நினைப்பு. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

குழந்தைக்கு ஆபரேஷன் உள்ள நாளில் அவள் யாரோடும் வாய் கொடுக்க மாட்டாள். பெரியவர் உடம்பு கெட்டுப்போவதற்கு முன் கொஞ்சம் சாவகாசம் கொடுக்கும். குழந்தையின் உடம்பில் அந்தச் சாவகாசம் கிடையாது. மூச்சில் ஒரு சின்னத் தடங்கல் வந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் மளமளவென்று இறங்கும், அடுத்து இதயம் தளரும். அதனால் எண் விழ ஆரம்பிக்கும்போதே பிடித்துவிட வேண்டும். விழுந்த பிறகு பிடிப்பது பெரிய பாடு.

பூமிகா வந்தது மே மாதத்தில் ஒரு காலை. ஐந்து வயது. ஆரணிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், நெல் விளைவிக்கும் குடும்பம். தொண்டையில் டான்சில் இரண்டும் வீங்கி, மாதம் தவறாமல் காய்ச்சல், ராத்திரியில் குறட்டை. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்ல, அப்பா வெங்கடேசனும் அம்மா ஜோதிலட்சுமியும் அழைத்து வந்திருந்தார்கள். குழந்தைக்கு ஆஸ்பத்திரிப் பச்சைச் சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. இரண்டு கையையும் விரித்து எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். பத்து விரல் நுனியும் தொப்பி போட்டதுபோலக் கருஞ்சிவப்பாக மருதாணி. கால் விரல்களும் அப்படியே.

வார்டு ஆயா முத்தம்மாள் பிடித்துக்கொண்டாள். "இன்னாம்மா இது? ஆபரேஷன் பண்ற புள்ளைக்கு மருதாணி வச்சிகினு வந்து நிக்கிற. உள்ள மிஷின் மாட்டுனா பொய்யா காட்டும், தெரியுமா?"

ஜோதிலட்சுமியின் முகம் விழுந்துவிட்டது. "ஊர்ல கெங்கையம்மன் ஜாத்திரைம்மா. எல்லா புள்ளைங்களும் வச்சிகினு சுத்திச்சிங்க, இவ ஒரே அழுவ. ஆஸ்பத்திரின்னாலே பயந்துகினு இருந்தா, அதான் அரச்சி வச்சி உட்டேன். தப்பாம்மா?"

"தப்புதான்" என்று முத்தம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தீர்ப்புச் சொல்வதில் அவளுக்கு அலாதி சந்தோஷம்.

சுகிர்தா குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மருதாணி இருந்தால் கிளிப் ஆக்சிஜன் அளவை இரண்டு மூன்று குறைத்துக் காட்டும் என்று அவளுக்கும் சீனியர்கள் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். அந்த வட்டாரத்துத் தியேட்டர்களில் அது ஒரு வாய்வழிப் பாடம். யாரும் நிறுத்திச் சோதித்துப் பார்த்ததில்லை.

உள்ளே மயக்க மருந்து டாக்டர் வரதன் தயாராக இருந்தார். பதற்றப்படாத மனிதர், அவரோடு வேலை செய்வது சுகிர்தாவுக்குப் பிடிக்கும். சர்ஜன் சென்னையிலிருந்து வருகிறவர், நல்ல கைக்காரர், ஆனால் எப்போதும் அடுத்த ஆஸ்பத்திரியின் நினைப்பிலேயே நிற்பார். போன தடவை மானிட்டர் வீணாகக் கத்தியபோது, "அந்தக் குருவிய கொஞ்சம் அடக்குங்களேன்" என்று எரிந்து விழுந்திருந்தார்.

குழந்தை வாசனைக் காற்றை நாலு இழுப்பு இழுத்துத் தூங்கிப்போனாள். சுகிர்தா மருதாணி இல்லாத விரலாகத் தேடினாள். கையில் இல்லை, காலிலும் இல்லை. காதில் மாட்டலாம் என்றால் தலை முழுவதும் சர்ஜனின் துணிக்குள் போய்விடும். வேறு வழியில்லாமல் வலது கை ஆள்காட்டி விரலிலேயே கிளிப்பை மாட்டினாள். ஆக்சிஜன் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு காட்டியது.

"சார், மருதாணி இருக்கு. ரெண்டு மூணு கொறச்சிதான் காட்டும்" என்றாள்.

"சரி, பாத்துக்கலாம்" என்றார் வரதன்.

அப்போது அவள் ஒரு காரியம் செய்தாள். ஆக்சிஜன் தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால் கத்தும்படி மானிட்டரில் வைத்திருந்தது. அதைத் தொண்ணூறுக்கு இறக்கினாள். மருதாணிக்குக் கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டால் வீண் சத்தம் இருக்காது, சர்ஜனும் எரிந்து விழமாட்டார். வரதன் அதைப் பார்த்தார், தலையாட்டினார். இருவருக்கும் அது புத்திசாலித்தனமாகத்தான் தோன்றியது.

வரதன் மூச்சுக்குழாய்க்குள் டியூப்பை இறக்கி, ஸ்டெதாஸ்கோப்பை இரண்டு பக்க நெஞ்சிலும் வைத்துக் கேட்டார். இரண்டு பக்கமும் காற்று நன்றாகப் போனது. டியூப்பை உதட்டோரம் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார்கள். பிறகு சர்ஜன் தலைமாட்டில் உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி நிறுத்தும் இரும்புக் கருவியை உள்ளே கொடுத்துத் திருகினார். துணி மூடியது. வேலை ஆரம்பித்தது.

மானிட்டர் ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் ஒரு 'டிக்' போடும். ஆக்சிஜன் நன்றாக இருந்தால் அந்த 'டிக்' மெல்லிய குரலில் இருக்கும். குறையக் குறையக் குரல் தடிக்கும். இதைக் கேட்டுக் கேட்டே சுகிர்தாவின் காது பழகியிருந்தது. திரையைப் பார்க்காமலே எண்ணைச் சொல்லுவாள்.

தொண்ணூற்றேழு. மருதாணி, என்று நினைத்தாள். தொண்ணூற்றாறு. அதுவும் மருதாணிதான். மூச்சுக்காற்றின் அலை திரையில் ஒழுங்காக எழும்பி விழுந்துகொண்டிருந்தது. டியூப் அடைத்திருந்தால் அந்த அலையே சொல்லிவிடும். எனவே பயமில்லை.

தொண்ணூற்றைந்து. வரதன் மருந்து ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். "மருதாணியா?"

"ஆமா சார்" என்றாள் சுகிர்தா.

'டிக்' தடித்துக்கொண்டு வருவதைக் காது கேட்டுவிட்டது. வாய் அதற்கு முன்னாலேயே பதில் சொல்லிவிட்டது. தொண்ணூற்று நாலு போய்த் தொண்ணூற்று மூன்று வந்தது. மானிட்டர் கத்த வேண்டிய இடம். கத்தவில்லை. கத்தக்கூடாது என்று அவளே சொல்லி வைத்திருந்தாள்.

குழந்தையின் கையைப் பார்த்தாள். பச்சைத் துணிக்கு வெளியே அந்த ஒரு கை மட்டும் நீண்டு கிடந்தது. கிளிப்பின் சிவப்பு விளக்கு மருதாணி நுனியில் எரிந்தது. காலையில் இருந்த அதே மருதாணி. தொண்ணூற்றெட்டு காட்டியதும் இதே விரல்தான். மருதாணி குறைத்துக் காட்டுவதாக இருந்தால் முதலிலேயே குறைத்திருக்க வேண்டும். உள்ளே வந்த பிறகு அது எப்படி இன்னும் சிவக்கும்? விழுந்துகொண்டிருப்பது குழந்தை.

"சார், மருதாணி இல்ல சார். எறங்கிகினே இருக்கு."

வரதன் ஒரே எட்டில் வந்தார். மூச்சுக்காற்றைத் தள்ளும் பையைக் கையில் பிடித்து அழுத்திப் பார்த்தார். "இறுகுது" என்றார். "சார், நிறுத்துங்க."

"ரெண்டு நிமிஷம், ஒரு பக்கம் முடிஞ்சிடும்" என்றார் சர்ஜன்.

"இப்பவே நிறுத்துங்க."

அவர் குரல் உயரவில்லை. ஆனால் சர்ஜன் கையை எடுத்துவிட்டார். அப்போதுதான் எண் தொண்ணூறைத் தாண்டிக் கீழே போனது, மானிட்டர் கத்த ஆரம்பித்தது. எல்லாருக்கும் தெரிந்த பிறகு அது கத்தி என்ன பிரயோசனம்? சுகிர்தாவுக்கு அந்தச் சத்தம் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது.

வரதன் துணிக்குள் கையை விட்டு ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். வலது பக்கம் காற்று போனது. இடது பக்கம் வைத்தார். வைத்தபடியே இருந்தார். "இடது பக்கம் இல்ல" என்றார்.

விஷயம் விளங்கிவிட்டது. வாயைத் திறக்கும் கருவியைத் திருகியபோது அது டியூப்பையும் சேர்த்துக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டிருக்கிறது. டியூப்பின் நுனி வலது நுரையீரலுக்குப் போகும் கிளையில் இறங்கிக்கொண்டது. ஒரு நுரையீரல் மட்டுமே மூச்சு வாங்கியது; அதனால்தான் அலை ஒழுங்காக இருந்தது, எண் மட்டும் மெல்ல மெல்லச் சரிந்தது. கருவியைத் திருகிய பிறகு இன்னொரு தடவை நெஞ்சைக் கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

சர்ஜன் கருவியைத் தளர்த்தினார். சுகிர்தா முழு ஆக்சிஜனுக்குத் திருப்பினாள். எண்பத்திரண்டு. டியூப்பை நகர்த்த உதட்டோரப் பிளாஸ்திரியைப் பிய்த்தாக வேண்டும்; அது ஈரத்தில் ஊறி அவள் விரலோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. எழுபத்தெட்டு. இதயத் துடிப்பு நூற்றுச் சொச்சத்திலிருந்து எண்பதுக்கு வந்துவிட்டது. குழந்தைக்கு இதயம் தளர ஆரம்பித்தால் அடுத்து நிற்கப்போகிறது என்று அர்த்தம். சுகிர்தா ஒரு கையால் பிளாஸ்திரியைப் பிய்த்தாள், மறு கையால் இதயத்தைத் தூண்டும் ஊசியை எடுத்து வரதன் பக்கத்தில் வைத்தாள்.

வரதன் டியூப்பைக் கொஞ்சமாக வெளியே இழுத்தார். ஒரு விரற்கடைகூட இருக்காது. அதிகம் இழுத்தால் முழுவதும் வெளியே வந்துவிடும். நெஞ்சில் வைத்துக் கேட்டார். இன்னும் ஒரு நூலளவு இழுத்தார். "இடது பக்கம் காத்து வந்துடுச்சு" என்றார்.

ஆனால் எண் வரவில்லை. எழுபத்து நாலு. எழுபத்தொன்று. நெஞ்சுக்குள் போன காற்று ரத்தத்தில் கலந்து விரல் நுனிக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இது சுகிர்தாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? வரதன் பையை அழுத்திக்கொண்டே இருந்தார். சர்ஜன் இரண்டு கையையும் நெஞ்சோடு கோத்து வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். அடுத்த ஆஸ்பத்திரியை மறந்துவிட்ட முகம். சுகிர்தா குழந்தையின் கையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். ஜில்லென்று இருந்தது. ஆண்டவரே, நான் சொன்ன வார்த்தைக்கு இவளை எடுத்துக்கொள்ளாதேயும் என்று வேண்டிக்கொண்டாள்.

எழுபத்தொன்று நின்றது. எழுபத்து மூன்று. எண்பது. 'டிக்' மெலிந்தது. இதயம் மறுபடி வேகம் எடுத்தது. எண்பத்தொன்பது. தொண்ணூற்றைந்து. அந்த மருதாணி விரல், தொண்ணூற்றொன்பது வரை காட்டிவிட்டுத்தான் ஓய்ந்தது.

ஆபரேஷன் ஒழுங்காக முடிந்தது. குழந்தை இருமினாள், கண்ணைத் திறந்தாள், தொண்டை எரிகிற எரிச்சலில் எல்லாரையும் உதைத்தாள். அழுகைச் சத்தத்தைக் கேட்டு இப்படிச் சந்தோஷப்படுகிற இடம் தியேட்டரைத் தவிர வேறெங்கும் கிடையாது.

கை கழுவுகிற இடத்தில் சுகிர்தா சொன்னாள், "சார், லிமிட்ட எறக்குனது நான்தான். மருதாணின்னு சொன்னதும் நான்தான்."

"நானும் தலையாட்டினேன் இல்ல? கருவி போட்டப்புறம் நெஞ்ச கேட்டிருக்கணும். கேக்கல" என்றார் வரதன். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "இனிமே இங்க யாரும் அலாரத்துல கை வைக்கக் கூடாது. மருதாணி, மண்ணாங்கட்டி எது இருந்தாலும்."

வெளியே பெற்றவர்களிடம் அவரே பேசினார். மூச்சில் சின்னதாக ஒரு தடங்கல் வந்தது, உடனே சரி செய்தாகிவிட்டது, குழந்தை நன்றாக இருக்கிறாள் என்றார். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனாலும் பூசி மெழுகியதுதான். பெற்றவர்களைப் பயமுறுத்த வேண்டாம் என்ற நல்லெண்ணத்தில்தான் அப்படிச் சொன்னார். வெங்கடேசன் கும்பிட்டார். ஜோதிலட்சுமி கும்பிடவில்லை, உள்ளே எட்டிப் பார்ப்பதிலேயே இருந்தாள்.

சாயங்கால ரயிலைப் பிடிக்கலாம் என்று பையை எடுத்துக்கொண்டு சுகிர்தா கிளம்பினாள். போகிறபோது ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஆபரேஷன் முடிந்தவர்களை வைத்திருக்கும் அறைக்குள் தலையை நீட்டினாள். பூமிகா அரைத் தூக்கத்தில் இருந்தாள். ஜோதிலட்சுமி கட்டிலோரம் உட்கார்ந்து, முந்தானை நுனியில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு, குழந்தையின் விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விரலாக. தேய்த்துத் தேய்த்துத் தோல் கன்றிப் போயிருந்தது. மருதாணி அசையவில்லை.

"இன்னா பண்றீங்க?"

"போவ மாட்டேங்குது சிஸ்டர்." தலையை நிமிர்த்தாமலே பேசினாள். "உள்ள நீங்கல்லாம் ஓடுனது எனக்குக் கேட்டுச்சி. அந்த ஆயாம்மா காலையிலயே சொல்லிச்சி, மிஷின் பொய் சொல்லும்னு. எம்புள்ள அழுதாளேன்னு வச்சேன். நானே எம்பொண்ணக் கொல்லப் பாத்தேனே."

சுகிர்தா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. டாக்டரே ஒருவிதமாகச் சொல்லி முடித்துவிட்டார். இவள் வாயைத் திறந்தால் வேலைக்கே ஆபத்து வரலாம். ஆனால் அந்தத் தேய்ப்பைப் பார்த்துக்கொண்டு அவளால் நகர முடியவில்லை.

உள்ளே வந்து ஜோதிலட்சுமியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "மருதாணி ஒன்னும் பண்ணல. மிஷின் சரியாத்தான் காட்டிச்சி. கொழந்தைக்கு மூச்சு கொறையுதுன்னு அந்த வெரல்தான் மொதல்ல சொல்லிச்சி. நான்தான் நம்பல. மருதாணியால கொறச்சிக் காட்டுதுன்னு நானே காரணம் சொல்லிகினு நின்னுட்டேன். அதுல நேரம் போச்சி. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னுது."

ஜோதிலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று சுகிர்தாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அடிக்கப் போகிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. அடித்தால் வாங்கிக்கொள்வது என்று நின்றாள். வெங்கடேசனைக் கூப்பிடுவாள், ஊரைக் கூட்டுவாள் என்றும் நினைத்தாள்.

ஜோதிலட்சுமி எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தாள். முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் குழந்தையின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எங்க கெளம்பிட்ட?" என்றாள். நீங்கள் நீயாகிவிட்டது.

"ரயிலுக்கு."

"போவாத." ஸ்டூலைக் காலால் இவள் பக்கம் தள்ளினாள். "இங்க எல்லாம் ஒன்னுமில்ல ஒன்னுமில்லன்னே சொல்லிகினு கீறாங்க. நீதான் ஏதோ ஆச்சின்னு சொன்ன. நீயே ஒக்காந்து பாரு."

சுகிர்தா பையைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கட்டில் பக்கத்து மானிட்டரின் கிளிப் நழுவி இருந்ததை எடுத்துக் குழந்தையின் விரலில் சரியாக மாட்டினாள்.

"இப்ப இன்னா காட்டுது?"

"தொண்ணூத்தேழு. மயக்கம் இன்னும் முழுசா தெளியல, அதனால கொஞ்சம்..."

"காரணம் எதுவும் சொல்லாதக்கா" என்றாள் ஜோதிலட்சுமி. "நம்பர மட்டும் சொல்லு."